16 கட்டத்திலிருந்து முழுப் பாட்டு வரை: மொபைலில் எந்த சீக்வென்சர் ஆப்பை எடுப்பது?

மொபைலில் பாட்டு செய்ய ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நாலைந்து ஆப் பார்த்தேன், எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது, எதை வாங்கட்டும்?" குழப்பம் நியாயமானது. இன்று கிடைக்கும் எந்த சீக்வென்சர் ஆப்பைத் திறந்தாலும் (ஒலிகளைக் கட்டங்களில் வரிசைப்படுத்தி வாசிக்க வைக்கும் ஆப்) கொஞ்ச நேரத்தில் நான்கு பார் நீளத்துக்கு (ஒரு பார் என்பது பொதுவாக நான்கு அடி) ஒரு நல்ல பீட் வந்துவிடும். ஆப்புக்கு ஆப் உள்ள வேறுபாடு அதற்குப் பிறகுதான் தெரியும். அந்த நான்கு பார் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை மூன்று நிமிடப் பாட்டாக எப்படி வளர்ப்பது என்று தெரியாமல் பாதியில் கைவிடப்பட்ட பீட்டுகள் பலருடைய போனிலும் கிடக்கின்றன. அதனால் ஒலி எவ்வளவு அழகு என்பதைவிட, பேட்டர்னிலிருந்து பாட்டுக்குப் போகும் வழி எப்படி இருக்கிறது என்பதை முதன்மையாக வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். பேட்டர்ன் என்பது கட்டம் போட்ட ஒரு சிறு துண்டு. எந்தக் கட்டத்தில் கிக், எதில் ஸ்நேர், எதில் எந்த ஸ்வரம் என்று குறித்துவிட்டால் அது சுற்றிச் சுற்றி ஒலிக்கும். பல பேட்டர்ன்களை அடுக்கினால் பாட்டு. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் இயந்திரத்தில் வரிசையாக 16 பொத்தான்கள் இருந்தன. இன்றைய ஆப்களில் பார்க்கும் 16 கட்ட வரிசை அந்த வழியில் வந்ததுதான்.

## எதை வைத்து எடைபோடுவது?

என்ன போன். பாதி முடிவு இங்கேயே வந்துவிடும். இங்கே ஒப்பிடும் ஐந்து ஆப்களில் கராஜ்பேண்டும் கோர்க் கேஜெட்டும் ஆண்ட்ராய்டில் இல்லை. கோவாலா சாம்ப்ளர், சன்வாக்ஸ், எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் மூன்றும் இரண்டு பக்கத்திலும் உண்டு.

கட்டக் கணக்கு. நம் இசை செய்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது இது. வெளிநாட்டு ஒப்பீடுகளில் இது அநேகமாக வராது. 16 கட்டம் என்பது நான்கு அடிக்கு, அடி ஒன்றுக்கு நான்கு கட்டம். ஆதி தாளத்துக்கு 8 அட்சரம் (அடி), ஆக 32 கட்டம், இரண்டு பேட்டர்னில் கச்சிதமாக முடியும். 7 எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவுக்கு 14 அல்லது 28 கட்டம் வேண்டும். 5 எண்ணிக்கை கொண்ட கண்ட சாபுவுக்கு 10 அல்லது 20. டப்பாங்குத்து அடி பெரும்பாலும் திஸ்ரத்தில் (அடிக்கு மூன்று) நடப்பது, அதற்கு 12 கட்டம்தான் பொருந்தும். அதை 16 கட்டத்தில் திணித்துப் பாருங்கள், எண்ணிக்கை சரியாக வரும், ஆட்டம் வராது. பேட்டர்ன் நீளத்தை நம் விருப்பத்துக்கு மாற்ற முடிகிறதா என்பது எனக்கு முக்கியமான கேள்வி.

பாட்டாக்கும் வழி. பேட்டர்ன்களை வரிசையில் ஒட்டலாமா, கையால் மாற்றி மாற்றி வாசித்துப் பதிய வேண்டுமா, பல்லவி, இடையிசை, சரணம் என்று பகுதி பகுதியாக அடுக்கலாமா?

தொட்டதும் ஒலிக்கிறதா. ஆண்ட்ராய்டில் விரல் படுவதற்கும் சத்தம் வருவதற்கும் உள்ள தாமதம் போனுக்குப் போன் மாறும். 2017இல் ஆண்ட்ராய்டு 8இல் கூகுள் ஒலிக்கென்றே புதிய வழி ஒன்றைக் கொண்டுவந்த பிறகு நிலைமை தேறியிருக்கிறது, ஆனாலும் எல்லாப் போனும் ஒன்றல்ல. கட்டங்களில் குறித்து எழுதுகிறவருக்கு இந்தத் தாமதம் பெரிய தொல்லை இல்லை, ஆப்பே சரியான நேரத்தில் வாசித்துவிடும். விரலால் தட்டி வாசிக்கிறவருக்கு அதுதான் எல்லாம்.

வெளியே எடுப்பது. ஒவ்வொரு ட்ராக்கையும் (ஒரு கருவிக்கோ குரலுக்கோ உரிய தனி வரிசை) தனித்தனி வேவ் ஒலிக் கோப்பாக எடுக்க முடிகிறதா, கணினியில் தொடர முடிகிறதா? மிக்ஸ் செய்ய இன்னொருவரிடம் கொடுக்கும் நாளில் இதன் அருமை புரியும்.

| ஆப் | எதில் ஓடும் | செலவு | பலம் | இடிக்கும் இடம் |
|---|---|---|---|---|
| கராஜ்பேண்ட் | ஐபோன், ஐபேட் | இலவசம் | தொடக்கம் எளிது, குரல் பதிவு | தாள வகை மூன்றுதான் |
| கோவாலா சாம்ப்ளர் | ஆண்ட்ராய்டு, ஐபோன், ஐபேட் | குறைவு. கூடுதல் வசதிக்குத் தனிப் பணம் | சொந்த ஒலிகள், வேகம் | பாட்டாக அடுக்குவது |
| சன்வாக்ஸ் | கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் | மொபைலில் குறைவு, கணினியில் இலவசம் | எந்தத் தாளமும், பழைய போனும் | கற்க நாளாகும் |
| எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் | ஆண்ட்ராய்டு, ஐபோன், ஐபேட், விண்டோஸ் | நடுத்தரம் | முழுப் பாட்டு, குரல் | பேட்டர்ன் சுவை குறைவு |
| கோர்க் கேஜெட் | ஐபோன், ஐபேட் | அதிகம் | பகுதிவாரி அடுக்கு, சிந்த் (மின்னணுக் கருவி) ஒலிகள் | விலை, சிறிய திரை |

## கராஜ்பேண்ட்

ஐபோன் வைத்திருப்பவர் வேறு எதற்கும் பணம் கொடுக்கும் முன் இதைத் திறந்துவிட வேண்டும். 2016இல் லைவ் லூப்ஸ் என்ற கட்ட அமைப்பும், 2017இல் பீட் சீக்வென்சரும் இதில் சேர்ந்தன. லைவ் லூப்ஸில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு லூப் (சுற்றிச் சுற்றி ஒலிக்கும் துண்டு) இருக்கும். எதை எப்போது தொடுகிறோமோ அந்த ஓட்டத்தை அப்படியே பதிவு செய்து, பிறகு ட்ராக் வடிவத்தில் திருத்தலாம். பேட்டர்னிலிருந்து பாட்டுக்குப் போக இது சுலபமான வழி. 32 ட்ராக் வரை போகலாம், குரலையும் அதிலேயே பதியலாம், மேக் கணினி இருந்தால் அங்கே தொடரலாம்.

இடிக்கும் இடம் தாளம். 4/4, 3/4, 6/8 மட்டும்தான் உண்டு. குத்துப் பாட்டுக்கு 6/8 போதும். மிஸ்ர சாபுவுக்கு ஒரு சுற்று வழி இருக்கிறது: 4/4இலேயே வைத்துக்கொண்டு பகுதியின் நீளத்தை 7 பார் என்று அமையுங்கள். 7 பாரில் 28 அடி, அதாவது மிஸ்ர சாபுவின் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) சரியாக அடங்கும். பார் கோடுகள் நம் தாளத்தோடு ஒத்துவராது, மெட்ரோனோமையும் அணைத்துவிட வேண்டியிருக்கும், ஆனால் வேலை நடக்கும். பாட்டின் நடுவே காலப்பிரமாணத்தை மாற்ற நினைப்பவருக்கு இது சரிப்படாது, பாட்டு முழுக்க ஒரே டெம்போதான்.

கூடவே வரும் ஆப்பிள் லூப்களை உங்கள் பாட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம். தனி லூப்பாக விற்கவோ கொடுக்கவோ கூடாது. அதே லூப்பை உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பாட்டின் முகமாக நிற்கும் மெட்டை மட்டுமாவது நீங்களே போடுங்கள்.

## கோவாலா சாம்ப்ளர்

நான்கு பேங்க், ஒவ்வொன்றிலும் 16 பேட் (விரலால் தட்டும் சதுரம்), மொத்தம் 64 ஒலி. மைக்கில் எதையாவது பதிந்து, பேடில் வைத்து, தட்டினால் அதுவே இசைக்கருவி. வேகத்தில் இதற்கு இணையாக வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். பறை, உறுமி, கஞ்சிரா, அம்மியில் அரைக்கும் சத்தம், பேருந்து ஹாரன் என்று நம்மைச் சுற்றி இருக்கும் ஒலிகளிலிருந்து பாட்டைத் தொடங்க நினைப்பவருக்கு இதுதான் ஆப். ஆயிரக்கணக்கில் ரெடிமேட் டிரம் ஒலிகள் கிடைத்தாலும் நம் ஊர்ப் பறையின் அடி அவற்றில் அப்படியே இருக்காது. அதை நாமே பதிந்துகொள்ள முடிவது சிறிய விஷயமில்லை. ஓங்கி ஒலிக்கும் கருவியைப் பதியும்போது போனைச் சில அடி தள்ளியே வையுங்கள். அருகில் வைத்தால் ஒலி பிசிறும், பிறகு சரிசெய்ய முடியாது.

வாசித்த பேட்டர்னையே மறுபடி ஒரு பேடில் பதிந்து, அதன் மேல் இன்னொன்று அடுக்கும் ரீசாம்ப்ளிங் முறைதான் கோவாலாவின் உயிர். இதனால் 64 பேட் என்ற எல்லை பெரிதாக உறைக்காது. ஆனால் கலந்தது கலந்ததுதான். பின்னால் கிக்கை மட்டும் குறைக்க ஆசைப்பட்டால் வழியில்லை. ரீசாம்ப்ளிங்குக்கு முன் பாட்டை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

முழுப் பாட்டாக அடுக்குவதில்தான் இது பின்தங்குகிறது. பேட்டர்ன்களைக் கையால் மாற்றி மாற்றி வாசித்து அந்த வாசிப்பையே பதிவு செய்வது இதன் இயல்பு. மேடையில் இது அருமை. வீட்டில் நிதானமாகச் சரணத்தைத் திருத்துகிறவருக்குக் கை கட்டிய மாதிரி இருக்கும். நல்ல வேளையாக, பேட்டர்ன்களை ட்ராக் ட்ராக்காகவும், ஏபிள்டன் லைவ் என்ற கணினி இசை மென்பொருளின் கோப்பாகவும் வெளியே எடுக்கலாம். பியானோ ரோல் (ஸ்வரங்களைக் கட்டத்தில் வரையும் திரை), தரமான டைம் ஸ்ட்ரெச் (சுருதி மாறாமல் ஒலியை நீட்டுவது, குறுக்குவது) போன்றவை 'சாமுராய்' என்ற தனிக் கட்டணத்தில் வருகின்றன, மிக்ஸரும் தனி. வாங்கும்போது ஆப்பின் விலையை மட்டும் பார்க்காமல் இவற்றையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய சினிமாப் பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைப்பது இதில் மிகச் சுலபம். பழக அது நல்ல வழிதான். வெளியிட வேண்டுமென்றால் உரிமை வாங்க வேண்டும், துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி.

## சன்வாக்ஸ்

அலெக்ஸாண்டர் சோலோடோவ் உருவாக்கிய இந்த ஆப் பார்ப்பதற்குப் பயமுறுத்தும். டிராக்கர் என்ற மரபில் வந்தது இது. 1987இல் அமிகா கணினிக்காக கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரில் தொடங்கிய மரபு அது. நேரம் இடமிருந்து வலமாக ஓடாது, மேலிருந்து கீழாக ஓடும். ஒவ்வொரு வரியிலும் ஸ்வரமும் அதற்கான கட்டளையும் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். எண்கள் பதினறும முறையில், ஒன்பதுக்குப் பிறகு ஏ, பி, சி என்று போகும். சிறிய திரையில் இதையெல்லாம் படிப்பது கண்ணுக்கு வேலைதான்.

இவ்வளவையும் தாண்டி இதை ஏன் பரிந்துரைக்கிறேன்? தாளத்துக்கு இதைவிடச் சுதந்திரம் வேறெங்கும் இல்லை. பேட்டர்னுக்கு எத்தனை வரி என்று நீங்களே சொல்லலாம். 28 வரியில் மிஸ்ர சாபு, 20 வரியில் கண்ட சாபு, எந்தத் தடையும் இல்லை. 28 வரிப் பேட்டர்னைத் திரும்பத் திரும்ப அடுக்கி, அதன் கீழே 32 வரிப் பேட்டர்னை அடுக்கினால் இரண்டும் விலகிப் போய் 224 வரியில் மறுபடி ஒன்று சேரும். கோர்வை (தாளக் கணக்குக் கோவை) போட்டுப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விருந்து என்று சொல்லத் தேவையில்லை.

திஸ்ர நடைக்கு ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். இயல்பு நிலையில் அடி ஒன்றுக்கு நான்கு வரி என்று வைத்துத்தான் ஆப் வேகத்தைக் காட்டுகிறது. நீங்கள் அடிக்கு மூன்று வரி என்று எழுதினால், நிமிடத்துக்கு 120 அடி வேண்டுமென்றால் ஆப்பில் 90 என்று வைக்க வேண்டும். இது தெரியாமல் "பாட்டு ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது" என்று திணறுகிறவர்கள் உண்டு.

கமகத்துக்கும் இங்கே ஓரளவு வழி இருக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் கட்டளை, அதிர்வுக் கட்டளை இரண்டையும் வரி வரியாக எழுதி, எவ்வளவு வேகத்தில் வழுக்க வேண்டும் என்றும் சொல்லலாம். நாதஸ்வரக் கலைஞர் ஊதுவது போல ஆகிவிடாது. ஆனால் ஸ்வரங்கள் படிக்கட்டு போலத் தனித்தனியாக நிற்பது குறையும். பொறுமை வேண்டும், ஒரு நல்ல பிடியை (ராகத்தின் அடையாளமான சிறு ஸ்வரக் கோவையை) எழுத ஒரு மாலை நேரமே போகும்.

பழைய, வேகம் குறைந்த போனிலும் ஓடும். கணினிப் பதிப்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம், கோப்பும் எங்கும் ஒன்றுதான். பேருந்தில் போனில் தொடங்கி வீட்டில் கணினியில் முடிக்கலாம். நீளமான குரல் பதிவுகளை வைத்துத் திருத்துவதற்கு மட்டும் இது செய்யப்பட்டதல்ல. இசையை இங்கே முடித்து, குரலை வேறு ஆப்பில் சேர்ப்பதே நல்லது.

## எஃப்எல் ஸ்டுடியோ மொபைல்

1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வந்த கணினி மென்பொருளின் உறவு இது. பெயரைப் பார்த்து, கணினியில் உள்ளதே போனுக்கு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொபைலில் செய்ததைக் கணினி எஃப்எல்லில் திறக்கலாம், அதுவும் மொபைல் ஆப்பே ஒரு பிளகினாக (துணை மென்பொருளாக) உள்ளே வந்துதான் திறக்கும். கணினியில் செய்ததை மொபைலில் திறக்க முடியாது. கணினிப் பதிப்பை வாங்கியிருந்தாலும் மொபைல் ஆப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

டிரம்முக்குக் கட்ட வரிசை உண்டு, மெட்டுக்குப் பியானோ ரோல் உண்டு. இரண்டும் துண்டுகளாக ஒரு நீண்ட காலக்கோட்டில் அமரும். துண்டை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, நகலெடுத்து, வரிசையாக ஒட்டலாம். குரலை அதன் கீழேயே பதியலாம். ஆண்ட்ராய்டில் குரலோடு முழுப் பாட்டை முடிக்க வேண்டும் என்று கேட்பவரிடம் யோசிக்காமல் இதைச் சொல்வேன். பேட்டர்னை வைத்து விளையாடிக்கொண்டே கண்டுபிடிக்கும் சுகம் மட்டும் இதில் குறைவு. ஏற்கெனவே தலையில் பாட்டு இருப்பவருக்கு ஏற்ற ஆப் இது.

## கோர்க் கேஜெட்

2014இல் ஐபேடுக்கு வந்தது. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன சிந்த்களுக்கு ஊர்ப் பெயர்கள்: டிரம்முக்கு லண்டன், பாஸுக்கு சிகாகோ, பழைய வீடியோ கேம் ஒலிக்கு கிங்ஸ்டன். நெடுக்கில் கருவிகள், குறுக்கில் சீன்கள். ஒரு சீனுக்குள் குறுகிய துண்டுகள் நீளமான துண்டு முடியும்வரை தாமாகச் சுற்றிக்கொள்ளும். முதல் சீன் பல்லவி, அடுத்தது இடையிசை, அதற்கடுத்தது சரணம் என்று அடுக்கிப் பார்த்தால், நாம் பாட்டை எப்படி நினைக்கிறோமோ அப்படியே திரையில் நிற்கும். லூப்பிலேயே மாட்டிக்கொள்கிறவர்களை வெளியே இழுத்து வருவதில் இந்த ஐந்தில் இதுவே முதலிடம்.

விலைதான் தடை. ஐந்தில் இதுவே அதிகம், அதற்கு மேல் கூடுதல் கருவிகளுக்குத் தனித்தனிப் பணம். தள்ளுபடி விலைக்கு அவ்வப்போது வரும், அவசரமில்லை என்றால் காத்திருங்கள். கருவி எண்ணிக்கை குறைந்த 'லே' பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஐபேடில் விசாலமாக இருக்கும் திரை ஐபோனில் நெருக்கடியாகிவிடும்.

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

முதலில் ஹெட்ஃபோன். 120 டெம்போவில் ஒரு கட்டம் 125 மில்லி செகண்ட். சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனின் தாமதம் பல நேரம் அதைத் தாண்டிவிடும். நீங்கள் தட்டியது ஒரு கட்டம் தள்ளிக் கேட்கும். கம்பி ஹெட்ஃபோன் அவசியம். போனில் அதற்கான துளை இல்லையென்றால் மாற்று இணைப்பான் ஒன்றையும் வாங்க வேண்டும். போன் ஸ்பீக்கரை நம்பி பாஸ் வைக்க வேண்டாம், தாழ்ந்த ஒலிகள் அதில் அநேகமாகக் கேட்காது.

அடுத்தது இடம். ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. பத்து ட்ராக், நான்கு நிமிடம் என்றால் ஒரே பாட்டுக்கு 400 எம்பி. மெமரி நிரம்பிய போனில் எதையோ அழிக்கப் போய் ஆப்பையே நீக்கினால், பொதுவாக உள்ளே இருந்த பாட்டுகளும் போய்விடும். கோப்புகளை வெளியே சேமிப்பதை வாரம் ஒருமுறையாவது செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, மறுபக்கமோ மாறினால் வாங்கிய ஆப் கூட வராது, மறுபடி வாங்க வேண்டும். இயங்குதளம் மாறும்போதும் ஆபத்து உண்டு. 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது, புதுப்பிக்கப்படாத பழைய 32 பிட் ஆப்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோயின. ஆப்பின் கடைசிப் புதுப்பிப்பு எப்போது வந்தது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## யாருக்கு எது?

ஐபோன் இருக்கிறது, இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் கராஜ்பேண்ட். ஒரு பாட்டை முடித்துவிட்டு, இன்னும் சிந்த் ஒலிகள் வேண்டும், பகுதி பகுதியாக அடுக்க வேண்டும் என்று தோன்றினால் கேஜெட், அதுவும் ஐபேட் இருந்தால்.

கையில் கருவி இருக்கிறது, அல்லது கேட்கும் சத்தத்தையெல்லாம் பதியும் ஆர்வம் இருக்கிறது என்றால் கோவாலா. ஆண்ட்ராய்டில் வாங்குவதற்கு முன் உங்கள் போனில் ஏதாவது ஒரு இலவச டிரம் ஆப்பைத் தட்டிப் பாருங்கள். சத்தம் விரலுக்குப் பின்னால் வருவது தெளிவாகத் தெரிந்தால், அந்தப் போனில் கட்டத்தில் எழுதும் ஆப்பே நிம்மதி.

தாளத்தில் வித்தை காட்ட ஆசை, போன் பழையது, பணம் குறைவு, பொறுமை நிறைய: சன்வாக்ஸ். மிருதங்கம், தவில் பயிலும் மாணவர்களுக்கு இதை மனதார சிபாரிசு செய்கிறேன். கணினி இருந்தால் இலவசப் பதிப்பில் பழகிவிட்டு, பிடித்த பிறகு மொபைலுக்கு வாங்கலாம்.

ஆண்ட்ராய்டு, கூடவே பாடவும் செய்வீர்கள் என்றால் எஃப்எல். கோவாலாவும் எஃப்எல்லும் ஒன்றாக வாங்க முடிந்தால், முன்னதில் பீட் செய்து வேவ் கோப்பாக எடுத்து, பின்னதில் பாட்டாக்குவது ஆண்ட்ராய்டில் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

கூகுள் பிளேயில் வாங்கிய ஆப் சரிப்படவில்லை என்றால், வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நேரத்தை ஒலிகளைத் தட்டிப் பார்ப்பதில் செலவழிக்க வேண்டாம். முதல் நாளே மிகச் சாதாரணமாக இரண்டு பேட்டர்ன் போடுங்கள், ஒன்று பல்லவிக்கு, ஒன்று சரணத்துக்கு. மாற்றி மாற்றி அடுக்கி ஒரு நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள், ட்ராக்குகளைத் தனித்தனியாக வெளியே எடுங்கள். இதில் எங்கே தடுக்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது உங்களால் சகிக்க முடியாத இடம் என்றால், மறுநாளே பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு அடுத்த ஆப்பைப் பாருங்கள்.